ஃப்ளாட் கட்டட இன்சூரன்ஸ்: லீஸ்ஹோல்டர் எதை, எந்த வரிசையில் கேட்க வேண்டும்

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ ஃப்ளாட் வைத்திருப்பவருக்குக் கட்டடத்தின் இன்சூரன்ஸைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெரும்பாலும் இல்லை. கட்டடத்துக்குச் சொந்தக்காரரான ஃப்ரீஹோல்டர் பாலிசி எடுப்பார், நீண்டகாலக் குத்தகையில் ஃப்ளாட் வைத்திருக்கும் லீஸ்ஹோல்டர்கள் பணம் கட்டுவார்கள். ஆனால் அந்தப் பாலிசியை வாங்கிப் பார்க்கவும், கட்டிய பணத்துக்கு ரசீது கேட்கவும், தொகை நியாயமில்லை என்றால் ட்ரிப்யூனலில், அதாவது இத்தகைய தகராறுகளைத் தீர்க்கும் தீர்ப்பாயத்தில், கேள்வி கேட்கவும் சட்டம் வழி வைத்திருக்கிறது.

எங்கள் பிளாக்குக்காக இதை ஒருமுறை கடைசிவரை செய்தேன். பிறகு தெரிந்த சில குடும்பங்களுக்குக் கூட நின்று உதவினேன். எல்லாரும் இடறுவது வரிசையில்தான். பில் வந்த கோபத்தில் முதல் வேலையாகப் பணத்தை நிறுத்திவிடுகிறார்கள். இல்லையென்றால் இணையத்தில் மலிவாக ஒரு விலையைக் கண்டுபிடித்து, ஃப்ரீஹோல்டருக்காகக் கட்டடத்தை நிர்வகிக்கும் ஏஜென்டுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். முதலாவது ஆபத்து, இரண்டாவதால் பயனில்லை. முதலில் காகிதங்கள் கைக்கு வர வேண்டும். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டம் வேறு. அங்கே இருப்பவர்களுக்கு இது பொருந்தாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்கள் லீஸின், அதாவது குத்தகை ஒப்பந்தத்தின், முழுப் பிரதி வேண்டும். வீடு வாங்கியபோது சொலிசிட்டர் கொடுத்த கோப்பில் இருக்கும். தொலைந்திருந்தால் நிலப் பதிவகத்தில் கட்டணம் கட்டிப் பிரதி எடுக்கலாம். அப்புறம் கடைசி மூன்று வருட சர்வீஸ் சார்ஜ் (கட்டடத்தின் பொதுச் செலவில் உங்கள் பங்கு) பில்களும் இன்சூரன்ஸ் பில்களும், அவற்றோடு வந்த இணைப்புத் தாள்கள் உட்பட. பில்லை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் இருந்த தாள்களை எறிந்துவிடுவது வழக்கமான தவறு. அந்தத் தாள் வந்ததா இல்லையா என்பதே ஒரு கேள்வியாக வரும், 3-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

முடிந்தால் அயலவர் இரண்டு பேரையாவது சேர்த்துக்கொள்ளுங்கள். தனி ஆளாகவும் எல்லாவற்றையும் செய்யலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் மற்ற ஃப்ளாட்டுகளின் பில்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போதுதான் பங்கு சரியாகப் பிரிக்கப்பட்டதா என்பது தெரியும்.

2. லீஸில் இன்சூரன்ஸ் பற்றிய இடங்களைப் படியுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். உங்கள் கடமையும் ஃப்ரீஹோல்டரின் கடமையும் லீஸில் இருந்துதான் பிறக்கின்றன. லீஸ் அனுமதிக்காத செலவை ஃப்ரீஹோல்டர் உங்களிடம் வாங்க முடியாது, அது எவ்வளவு நியாயமான செலவாக இருந்தாலும் சரி.

யார் இன்சூர் செய்ய வேண்டும் என்று பாருங்கள். பெரும்பாலும் ஃப்ரீஹோல்டர். சில பழைய லீஸ்களில் லீஸ்ஹோல்டரே எடுக்க வேண்டும், ஆனால் ஃப்ரீஹோல்டர் குறிப்பிடும் அல்லது ஒப்புக்கொள்ளும் கம்பெனியில் என்று இருக்கும். அப்படியானால் 1985-ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், குத்தகையாளர் சட்டத்தின் அட்டவணையில் 8-ஆம் பத்தி உங்களுக்கு உதவும்: குறிப்பிட்ட கம்பெனியின் பாலிசி போதாது அல்லது பிரீமியம் மிக அதிகம் என்று ட்ரிப்யூனலில் சொல்லலாம்.

எந்த ஆபத்துகளுக்கு என்று பாருங்கள். தீ, வெள்ளம், குழாய் உடைவு என்று பட்டியல் இருக்கும்; கடைசியில் ‘ஃப்ரீஹோல்டர் அவ்வப்போது தேவை என்று கருதும் மற்றவை’ என்று ஒரு வரியும் இருக்கும். அந்த வரி இருந்தால் பயங்கரவாதக் காப்பு போன்றவற்றின் செலவை எதிர்ப்பது கடினம். இல்லையென்றால் ஒவ்வொரு கூடுதல் காப்புக்கும் லீஸில் இடம் எங்கே என்று கேட்கலாம்.

உங்கள் பங்கு எவ்வளவு என்று பாருங்கள். சதவீதமாக எழுதியிருக்கும், அல்லது ‘நியாயமான பங்கு’ என்று இருக்கும். தரைத்தளத்தில் உணவுக்கடை உள்ள கட்டடங்களில் இது மிக முக்கியம். எண்ணெய்ச் சட்டி எரியும் கடையால் பிரீமியம் ஏறுகிறது. அந்த ஏற்றத்தை மேலே இருக்கும் ஃப்ளாட்டுகள் சமமாகச் சுமக்கின்றனவா என்று பாருங்கள்.

எக்ஸஸ், அதாவது கிளெய்மில் முதலில் நம் பக்கம் விழும் தொகை, யார் தலையில் என்றும் பாருங்கள். பல லீஸ்களில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. அயலவர்களுக்கு இடையே சண்டை வருவது அதனால்தான்.

3. பில்லைச் சரிபாருங்கள்

பாலிசி வரும்வரை காத்திருக்க வேண்டாம், இதை இன்றே செய்யலாம்.

பில்லில் ஃப்ரீஹோல்டரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். 1987-ஆம் ஆண்டின் வீட்டு உரிமையாளர், குத்தகையாளர் சட்டத்தின் 47-ஆம் பிரிவு இதைக் கேட்கிறது. ஏஜென்டின் பெயர் மட்டும் இருந்தால் போதாது. அதோடு, லீஸ்ஹோல்டரின் உரிமைகளையும் கடமைகளையும் சொல்லும் சுருக்கத் தாள் இணைந்திருக்க வேண்டும், இது 1985 சட்டத்தின் 21பி பிரிவு. இவை இல்லாத பில்லுக்குப் பணம் அப்போது கட்டத் தேவையில்லை. ஆனால் இதைப் பெரிய வெற்றி என்று எண்ணாதீர்கள். ஏஜென்ட் சரியான பில்லை மறுபடி அனுப்பினால் கடன் உயிர்பெற்றுவிடும். கால அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான்.

இதைவிட வலுவானது 18 மாத விதி, அதே சட்டத்தின் 20பி. செலவு ஏற்பட்டு 18 மாதத்துக்குள் பில்லோ, ‘இந்தச் செலவு ஏற்பட்டிருக்கிறது, பிறகு கேட்போம்’ என்ற எழுத்து அறிவிப்போ வரவில்லை என்றால், அந்தத் தொகையைக் கட்ட வேண்டியதில்லை. பழைய வருடங்களின் இன்சூரன்ஸை மொத்தமாகச் சேர்த்து அனுப்பும்போது தேதிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

4. பாலிசியைக் கேட்டு எழுதுங்கள்

1985 சட்டத்தின் 30ஏ பிரிவும் அதன் அட்டவணையும்தான் இங்கே கருவி. சர்வீஸ் சார்ஜில் இன்சூரன்ஸ் பணம் சேர்ந்திருந்தால் நீங்கள் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்கலாம். முதலாவது, பாலிசியின் சுருக்கம்: கம்பெனியின் பெயர், இன்சூர் செய்த தொகை, எந்தெந்த ஆபத்துகளுக்கு என்பது. இரண்டாவது, பாலிசியையும், பிரீமியம் கட்டியதற்கான ரசீது போன்ற ஆவணங்களையும் பார்க்க அல்லது பிரதி பெற. இந்த இரண்டாவது உரிமை நடப்புக் காலத்துக்கும் அதற்கு முந்தைய காலத்துக்கும் பொருந்தும். கடிதம் கிடைத்து 21 நாளுக்குள் ஃப்ரீஹோல்டர் இணங்க வேண்டும். பிரதிக்கு நியாயமான கட்டணம் கேட்கலாம்.

இரண்டையும் ஒரே கடிதத்தில் கேளுங்கள். புதியவர்கள் சுருக்கத்தை மட்டும் கேட்டு ஒரு பக்கத் தாளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். பிரீமியமாக உண்மையில் எவ்வளவு போனது என்பது ரசீதில்தான் இருக்கிறது. பில்லில் உள்ள தொகைக்கும் ரசீதில் உள்ள தொகைக்கும் வித்தியாசம் இருந்தால், மிச்சம் எங்கே போனது என்பதுதான் உங்கள் அடுத்த கேள்வி.

கடிதம் நாலு வரி போதும். உங்கள் பெயர், ஃப்ளாட் முகவரி, ‘1985 சட்டத்தின் 30ஏ பிரிவு மற்றும் அட்டவணையின் 2, 3-ஆம் பத்திகளின் கீழ்’ என்ற வரி, கேட்கும் ஆவணங்களின் பெயர், தேதி. பத்தி எண்களை எழுதத் தவறாதீர்கள். எண் இல்லாத கடிதம் ஏஜென்டின் அலுவலகத்தில் சாதாரண விசாரணையாகக் கோப்புக்குள் போய்விடும். ஈமெயிலில் அனுப்பினாலும் தபாலிலும் ஒரு பிரதி போடுங்கள், அஞ்சலகத்தில் அனுப்பியதற்கான சான்று வாங்கிக்கொள்ளுங்கள். வாடகையை வசூலிக்கும் ஏஜென்டுக்குக் கொடுத்தாலே ஃப்ரீஹோல்டருக்குக் கொடுத்ததாகத்தான் கணக்கு.

நியாயமான காரணம் இல்லாமல் இணங்காதது குற்றம், அபராதம் 2,500 பவுண்ட் வரை. 22-ஆம் நாள் இதைச் சுட்டிக்காட்டி மரியாதையாக ஒரு நினைவூட்டல் அனுப்புங்கள். பெரும்பாலும் அதிலேயே வேலை நடந்துவிடும். முதல் கடிதத்திலேயே இதை எழுதினால் ஏஜென்ட் உடனே வக்கீலிடம் தள்ளிவிடுவார், பதில் இன்னும் தாமதமாகும்.

5. வந்த பாலிசியைப் படியுங்கள்

முதலில் இன்சூர் செய்த தொகை. இது கட்டடத்தை இடித்து மறுபடி கட்ட ஆகும் செலவு. சந்தை விலை இல்லை. எங்கள் பிளாக்கில் ஒருவர் ஃப்ளாட்டுகளின் விற்பனை விலையை எல்லாம் கூட்டி, இன்சூரன்ஸ் தொகை குறைவு என்று நீண்ட கடிதம் எழுதிவிட்டார். நல்ல மனிதர், ஒரு மாத உழைப்பு வீணானது. கேட்க வேண்டியது வேறு: மறுகட்டுமானச் செலவைத் தகுதியுள்ள சர்வேயர் கடைசியாக எப்போது மதிப்பிட்டார்? மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது செய்வது நல்ல நடைமுறை. மதிப்பீடு பழையது என்றால் இரண்டு பக்கமும் ஆபத்து. அதிகமாக இருந்தால் தேவையில்லாத பிரீமியம். குறைவாக இருந்தால், சிறிய கிளெய்மில்கூட கம்பெனி அதே விகிதத்தில் தொகையைக் குறைக்க முடியும்.

பாலிசியில் இரண்டு தொகைகள் இருக்கலாம். ஒன்று இன்றைய மதிப்பு, மற்றது விலையேற்றத்துக்காகக் கூட்டிய மதிப்பு. பிரீமியம் முதலாவதை வைத்துக் கணக்கிடப்படும். ஒப்பீட்டு விலை வாங்கும்போது பெரிய தொகையைக் கொடுத்துவிடாதீர்கள்.

பிரீமியத்தில் 12 சதவீதம் இன்சூரன்ஸ் வரி சேரும். நிகரம் 10,000 பவுண்ட் என்றால் வரியோடு 11,200. அதன்மேல் வாட் வரியும் போட்டிருந்தால் எதற்கு என்று கேளுங்கள்.

எக்ஸஸைத் தனியாகப் பாருங்கள். தண்ணீர்க் கசிவுக்கான எக்ஸஸ் மற்றவற்றைவிடப் பல மடங்கு இருப்பது சாதாரணம். கசிவு எங்கே என்று தேட தரையை உடைக்கும் செலவு சேர்ந்திருக்கிறதா, வீட்டில் இருக்க முடியாமல் போனால் வேறு இடத்து வாடகை கிடைக்குமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஃப்ளாட்டை வாடகைக்கு விட்டிருந்தாலோ, ஊருக்குப் போய் மாதக்கணக்கில் பூட்டி வைத்திருந்தாலோ, அதைப் பற்றிய நிபந்தனைகளைக் கட்டாயம் படியுங்கள். பல பாலிசிகளில் ஆளில்லாத ஃப்ளாட்டுக்குக் காப்பு சுருங்கிவிடும். யாழ்ப்பாணத்துக்கோ சென்னைக்கோ மூன்று மாதம் போகிறவர்கள் புறப்படும் முன் ஏஜென்டுக்கு எழுத்தில் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.

வீட்டுச் சாமான்கள் இதில் அடங்காது. அதற்குத் தனி பாலிசி உங்கள் பெயரில் வேண்டும்.

6. கமிஷனைக் கேளுங்கள்

பிரீமியத்தில் ஒரு பகுதி புரோக்கர் வழியாக ஃப்ரீஹோல்டருக்கோ ஏஜென்டுக்கோ திரும்பிப் போவது பல காலமாக நடந்தது. நிதித்துறையைக் கண்காணிக்கும் எஃப்சிஏ 2022-இல் வெளியிட்ட ஆய்வு இதை விரிவாகக் காட்டியது. அதன்பின் கொண்டுவந்த விதிகள் 2023 டிசம்பர் 31 முதல் நடைமுறையில் உள்ளன. இன்சூரன்ஸ் கம்பெனியும் புரோக்கரும் இப்போது லீஸ்ஹோல்டர்களின் நலனையும் கருத வேண்டும். தங்களுக்குக் கிடைக்கும் கமிஷனை வைத்து ஒரு பாலிசியைப் பரிந்துரைக்கக் கூடாது. பாலிசியின் விலை, யார் யாருக்கு எவ்வளவு ஊதியம் போனது போன்ற விவரங்களை லீஸ்ஹோல்டர்களுக்காகத் தயாரித்துக் கொடுக்க வேண்டும்.

அந்தத் தாள் பொதுவாக ஃப்ரீஹோல்டர் வழியாகத்தான் உங்களுக்கு வரும், அங்கேயே நின்றுவிடுவதும் உண்டு. ஆகவே பாலிசியில் புரோக்கரின் பெயரைப் பார்த்து அவருக்கும் ஒரு பிரதி போட்டுக் கேளுங்கள். எல்லா ஊதியங்களும், அவற்றுக்கு ஈடாகச் செய்த வேலையும், வேறு எத்தனை கம்பெனிகளிடம் விலை கேட்டார்கள் என்பதும் வேண்டும் என்று எழுதுங்கள். 4-ஆம் படியை முதலில் செய்யச் சொல்வதற்குக் காரணம் இதுதான்: பாலிசி கையில் இல்லாமல் புரோக்கர் யார் என்றே தெரியாது.

இங்கே ஒரு குழப்பம் அடிக்கடி வருகிறது. 2024 மே 24-இல் அரச ஒப்புதல் பெற்ற லீஸ்ஹோல்ட், ஃப்ரீஹோல்ட் சீர்திருத்தச் சட்டம் இத்தகைய கமிஷன்களை லீஸ்ஹோல்டர்கள் மேல் சுமத்துவதைத் தடுக்கும் பிரிவுகளைக் கொண்டிருக்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் பகுதிகள் தனித்தனியாகத்தான் அமலுக்கு வருகின்றன. ஒப்புதல் பெற்றதும் எல்லாம் அமலாகிவிட்டது என்று நினைத்து எழுதிய கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். ஏஜென்ட் ஒரே வரியில் தள்ளிவிடுவார். இதை மேற்கோள் காட்டும் முன் அந்தப் பிரிவு அமலில் உள்ளதா என்று பாருங்கள்.

7. ஒத்த நிபந்தனைகளில் விலை வாங்குங்கள்

இதுதான் கடினமான வேலை, பலர் தோற்பதும் இங்கேதான். ‘நான் கேட்டேன், பாதி விலைக்குத் தருகிறார்கள்’ என்பது ஆதாரம் ஆகாது. அதே கட்டடத்துக்கு, அதே தொகைக்கு, அதே எக்ஸஸுக்கு, அதே கிளெய்ம் வரலாற்றோடு வாங்கிய விலைதான் ஆதாரம்.

பிளாக் இன்சூரன்ஸ் செய்யும் புரோக்கர் இரண்டு மூன்று பேரிடம் போங்கள். கட்டடம் எழுந்த ஆண்டு, மாடிகள், ஃப்ளாட்டுகளின் எண்ணிக்கை, சுவர், கூரை வகை, வெளிப்புற உறை (கிளாடிங்), கடைகள் உண்டா, வாடகைக்கு விட்டவை எத்தனை, முந்தைய கிளெய்ம்கள் ஆகிய விவரங்களைக் கொடுங்கள். கிளெய்ம் வரலாற்றை ஏஜென்டிடம் கேட்டு வாங்க வேண்டியிருக்கும். தராவிட்டால் மறுத்த ஈமெயிலைப் பத்திரப்படுத்துங்கள், ட்ரிப்யூனலில் அது பேசும்.

2017-இல் லண்டனின் கிரென்ஃபெல் அடுக்குமாடிக் கட்டடத்தில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு எரியக்கூடிய உறை உள்ள கட்டடங்களின் பிரீமியம் கடுமையாக ஏறியது. உங்கள் கட்டடம் அப்படியானது என்றால் சந்தையில் வேறு யாரும் மலிவாகத் தர மாட்டார்கள். இத்தகைய கட்டடங்களுக்காக 2024 ஏப்ரலில் ஒரு தீப்பாதுகாப்பு மறுகாப்பீட்டுத் திட்டம், அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிகளின் ஆபத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு, தொடங்கியது. புரோக்கர் அதை முயன்றாரா என்று கேட்பது, விலையை ஒப்பிட்டு வாதாடுவதைவிடப் பயன் தரும்.

8. ஆட்சேபத்தை எழுதுங்கள், பணத்தைக் கட்டுங்கள்

பணத்தை நிறுத்தினால் ஃப்ரீஹோல்டர் உங்கள் மார்ட்கேஜ் வங்கிக்கு எழுதுவார். வங்கி தன் அடமானத்தைக் காக்கக் கட்டிவிட்டு அதை உங்கள் கடனில் ஏற்றலாம். வட்டி, வக்கீல் செலவு, லீஸையே பறிக்கும் நடவடிக்கை என்று மிரட்டல் வளரும். கட்டினால் ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்ற பயம் வேண்டாம்: பணம் கட்டிய ஒரே காரணத்தால் தொகையை ஒப்புக்கொண்டதாகக் கருதக் கூடாது என்று 1985 சட்டத்தின் 27ஏ பிரிவே சொல்கிறது. ஆனால் ‘சரி, ஒத்துக்கொள்கிறேன்’ என்று எழுதிவிட்டால் ட்ரிப்யூனல் கதவு மூடிவிடும்.

ஆகவே கட்டும்போது, ‘ஆட்சேபத்துடன் கட்டுகிறேன், தொகையை ஏற்கவில்லை’ என்று ஒரு வரி ஈமெயில் அனுப்புங்கள். கூடவே, உங்கள் ஒப்பீட்டு விலைகளை இணைத்து, இந்த பாலிசியை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேளுங்கள். பதிலுக்கு நாள் குறியுங்கள். நான்கு வாரம் போதும்.

9. ட்ரிப்யூனல்

இங்கிலாந்தில் முதல்நிலை ட்ரிப்யூனலின் சொத்துப் பிரிவு, வேல்ஸில் லீஸ்ஹோல்ட் மதிப்பீட்டு ட்ரிப்யூனல். 27ஏ பிரிவின் கீழ், தொகை கட்ட வேண்டியதா, எவ்வளவு என்று கேட்டு விண்ணப்பிக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. விண்ணப்பத்துக்கு முன், அரசு நிதியில் இயங்கும் லீஸ்ஹோல்ட் ஆலோசனைச் சேவையிடம் (LEASE) இலவசமாகப் பேசிவிடுங்கள்.

ஃப்ரீஹோல்டர் ஆக மலிவான பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அதைச் சொல்லி வாதாடினால் தோற்பீர்கள். ஆனால் தேர்ந்தெடுத்த முறையும், கடைசியில் வந்த தொகையும் நியாயமாக இருக்க வேண்டும். 2017-இல் காஸ் சர்வீசஸ் எதிர் நிக்கல்சன் வழக்கில், பல கட்டடங்களைச் சேர்த்து எடுத்த பாலிசியின் பிரீமியம் லீஸ்ஹோல்டர்கள் கொண்டுவந்த விலைகளைவிட மிக அதிகமாக இருந்தது. ஃப்ரீஹோல்டரால் அந்த இடைவெளிக்குத் திருப்தியான காரணம் சொல்ல முடியவில்லை. குறைக்கப்பட்ட தொகையையே மேல் ட்ரிப்யூனல் உறுதிசெய்தது. அந்த வழக்கில் எடுபட்டதும் 7-ஆம் படியில் சொன்ன வகை ஆதாரம்தான்.

விண்ணப்பிக்கும்போது ஒரு விஷயம் கட்டாயம். சில லீஸ்களில் ஃப்ரீஹோல்டர் தன் வழக்குச் செலவைச் சர்வீஸ் சார்ஜில் போட முடியும். வென்ற பிறகு அந்தச் செலவு பில்லாக வந்து, வென்ற பணத்தைவிடக் கூடுதலாகப் போன குடும்பத்தை எனக்குத் தெரியும். 1985 சட்டத்தின் 20சி பிரிவின் கீழும், இங்கிலாந்தில் 2002-ஆம் ஆண்டின் காமன்ஹோல்ட், லீஸ்ஹோல்ட் சீர்திருத்தச் சட்டத்தின் 11-ஆம் அட்டவணை 5ஏ பத்தியின் கீழும் அதைத் தடுக்கும் உத்தரவைச் சேர்த்தே கேளுங்கள். அயலவர்களும் பயன்பெற வேண்டும் என்றால் அவர்கள் சம்மதத்தோடு பெயர்களையும் எழுத வேண்டும்.

10. நடுவில் சேதம் வந்தால்

மேல் வீட்டுக் குழாய் உடைந்தது என்றால் மேலே சொன்ன எதையும் காத்திருக்க வைக்க வேண்டாம். தண்ணீரை நிறுத்துங்கள், படம் எடுங்கள், அன்றே ஏஜென்டுக்கு எழுதி கிளெய்ம் எண் கேளுங்கள். சேதமானதைக் கம்பெனி பார்க்கும் முன் எறியாதீர்கள்.

கிளெய்ம் செய்ய வேண்டியவர் பாலிசி பெயரில் உள்ள ஃப்ரீஹோல்டர். பாலிசி குறித்த நாட்களுக்குள் அவர் அறிவிக்க வேண்டும். அவர் அசையவில்லை என்றால், அதே 1985 அட்டவணையின் 7-ஆம் பத்தி உங்களைக் காக்கும்: அந்த நாட்களுக்குள் நீங்களே கம்பெனிக்கு எழுத்தில் அறிவிக்கலாம், கிளெய்முக்கான அவகாசம் ஆறு மாதமாக நீளும். உங்கள் பெயர், சேதமான இடம், சேதத்தின் தன்மை, தேதி ஆகியவை போதும். கம்பெனியின் பெயர் முன்கூட்டியே தெரிந்திருந்தால்தான் இது முடியும். சண்டையே இல்லாத வருடத்திலும் 4-ஆம் படியைச் செய்து வையுங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது அதனால்தான்.

11. பாலிசியை நீங்களே எடுக்க வேண்டும் என்றால்

ஒவ்வொரு வருடமும் வாதாடிக் களைத்தவர்களுக்கு 2002 சட்டம் தரும் நிர்வாக உரிமை, அதாவது கட்டட நிர்வாகத்தை லீஸ்ஹோல்டர்களே ஏற்கும் உரிமை, இருக்கிறது. ஃப்ரீஹோல்டரின் தவறை நிரூபிக்கத் தேவையில்லை. தகுதியான கட்டடத்தில் பாதி ஃப்ளாட்டுகளாவது சேர்ந்து ஒரு கம்பெனி அமைத்தால், இன்சூரன்ஸ் எடுக்கும் பொறுப்பும் அதற்கு வரும். இங்கிலாந்தில் 2025 மார்ச் 3 முதல் கட்டடத்தின் தளப்பரப்பில் 50 சதவீதம் வரை கடைகளோ அலுவலகங்களோ இருந்தாலும் தடையில்லை. முன்பு அது 25 சதவீதம். கீழே கடை இருப்பதால் முன்பு முடியாது என்று விட்டவர்கள் மறுபடி அளந்து பாருங்கள்.

நோட்டீஸ் கொடுத்ததிலிருந்து குறைந்தது நான்கு மாதம் ஆகும். அந்த நேரத்தில் 7-ஆம் படியின் தகவல்களை வைத்து புதிய பாலிசியைப் பேசி முடியுங்கள். பொறுப்பு கைமாறும் நாளிலேயே அது தொடங்க வேண்டும். பழைய பாலிசி தொடரும் என்று நம்பி ஒரு நாள்கூட இடைவெளி விடாதீர்கள். புதிய பாலிசியின் சான்றிதழ் கைக்கு வந்த பிறகே பழையதை முடிக்கச் சொல்லி எழுதுங்கள்.